மூணு செகண்ட் சத்தம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்.. வழக்கமான சாக்குதான். டிசம்பர்ல ரெண்டு வாரம் வீட்ல இருந்தே வேலை பாத்துக்கோன்னு மேனேஜர் மனசு இரங்கினதால பெங்களூர்ல இருந்து குன்னூருக்கு மூட்டையைக் கட்டினேன். அந்த ரெண்டு வாரத்துல லேப்டாப் முன்னாடி உக்காந்த நேரத்தை விட அப்பாவோட கார் பானட்டுக்கு முன்னாடி நின்ன நேரம்தான் அதிகம். மேனேஜர் தமிழ் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

கார் 2012 மாடல் டீசல். கம்பெனி பேர் வேண்டாம், அந்த வண்டி வச்சிருக்கறவங்க சண்டைக்கு வருவாங்க. அப்பா ரிட்டயர் ஆன காசுல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் மேட்டுப்பாளையம் - ஊட்டி ரோட்ல பஸ் ஓட்டினவர். அந்தக் கால பஸ் ஞாபகம் இருக்கா? இன்ஜின் டிரைவருக்கு இடது பக்கத்துலயே, வண்டிக்குள்ளயே இருக்கும். மேல ஒரு மூடி, அதுமேல ஒரு பழைய மெத்தை. கூட்டம்னா அதுலயும் நாலு பேரை உக்கார வைப்பாங்க. அந்த இன்ஜினோட சத்தத்தை வச்சே "ரெண்டாவது சிலிண்டர் சரியா அடிக்கல"ன்னு டிப்போவுல சொல்லி, பிரிச்சுப் பாத்தா அப்படியே இருக்குமாம். இதை அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. அவரோட வேலை பாத்த கண்டக்டர் மாமா சொல்லித்தான் தெரியும்.

நிற்க.

வந்த மறுநாள் காலைல ஆறரை மணி. போன்ல 8 டிகிரின்னு காட்டுது. அப்பா பால் வாங்கப் போக வண்டியை எடுக்கறார். செல்ஃப் அடிச்சதும் டக்குனு ஸ்டார்ட் ஆச்சு. கூடவே "கிர்ர்ர்ர்ர்"ன்னு ஒரு சத்தம். தகர டப்பாவுக்குள்ள சைக்கிள் செயினைப் போட்டு குலுக்கின மாதிரி. சரியா மூணு செகண்ட். அப்புறம் சுத்தமா காணோம். வழக்கமான டகடகன்னு ஓடுது.

"என்னப்பா சத்தம் அது?"

"எது?"

"ஸ்டார்ட் பண்ணதும் வந்துச்சே."

"டீசல் வண்டின்னா கத்தத்தான் செய்யும் கண்ணு. உங்க பெங்களூர்ல எல்லாம் பேட்டரி வண்டி பாத்துப் பழகிட்ட." கிளம்பிப் போயிட்டார்.

ஓரளவு உண்மைதான். டீசல் இன்ஜின் காலைல கத்தறது இயற்கை. பெட்ரோல் மாதிரி இதுல பொறி வைக்க பிளக் கிடையாது. காத்தை உள்ள இழுத்து 16-ல ஒரு பங்கு, 18-ல ஒரு பங்குன்னு நசுக்கினா அதுவே பயங்கரமா சூடாகும். அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சினா தானா பத்திக்கும். ஆனா இன்ஜின் இரும்பு ஜில்லுனு இருந்தா அந்தச் சூட்டை அது குடிச்சிடும். பீச்சின டீசல் உடனே பத்தாம ஒரு கண நேரம் சேர்ந்து நிக்கும், அப்புறம் மொத்தமா ஒரே அடியா பத்திக்கும். அந்த அடிதான் நாம கேக்குற டகடக. காமன் ரெயில் வண்டிகள்ல முதல்ல துளியூண்டு பீச்சி பத்த வச்சிட்டு அப்புறம் மிச்சத்தைப் பீச்சறதால சத்தம் கம்மி. அப்படியும் குளிர்ல முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூடுதலாத்தான் கத்தும். இன்ஜின் சூடாக ஆக கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்.

அந்தக் 'கொஞ்சம் கொஞ்சமா'தான் இங்க இடிச்சுது. நம்ம சத்தம் அடங்கலை, அறுத்து விட்ட மாதிரி நின்னுது. மூணு செகண்ட்ல எந்த இன்ஜினும் சூடாகாது.

மதியம் டவுன்ல ஒரு பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க போறதுக்குள்ள இன்ஜின் சூடாகிடுச்சு, பட்டறைக்காரர் ஸ்டார்ட் பண்ணா சத்தமே வரலை. நடுரோட்ல நின்னு வாயாலயே "கிர்ர்ர்ர்"ன்னு செஞ்சு காட்டினேன் (டீ குடிச்சிட்டிருந்த ரெண்டு பேர் சிரிச்சாங்க). அவர் ஒரு செகண்ட் கூட யோசிக்கலை. "டைமிங் செயின் சார். இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும். நாப்பத்தஞ்சு ஆகும்." நாப்பத்தஞ்சாயிரம்! நான் வாயால போட்ட சத்தத்துக்கு!! மிமிக்ரி ஆர்ட்டிஸ்டுக்குக் கூட அவ்வளவு தர மாட்டாங்க.

இருந்தாலும் உள்ளுக்குள்ள உதறல். செயின் உண்மையிலேயே தொய்ஞ்சு பல் தாண்டிச்சுன்னா வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு மோதி இன்ஜினே காலி. அதுவும் மலைப்பாதையில, அப்பா தனியா போறப்ப.

நம்ம தொழில்ல ஒரு பக்(bug) வந்தா என்ன பண்ணுவோம்? திரும்பத் திரும்ப வரவழைச்சுப் பாப்போம். ஒரு மணி நேரத்துல நாப்பது தடவை ஓட்டிப் பாக்கலாம். இங்கதான் மக்களே சிக்கல். இந்த பக் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் வரும். ராத்திரி பூரா வண்டி நின்னாத்தான் காலைல ஒரு மூணு செகண்ட். அதைத் தவற விட்டா அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்கணும். தூங்கிட்டா போச்சு. பள்ளிக்கூடம் போனப்ப கூட நான் அஞ்சே முக்காலுக்கு எந்திரிச்சதில்லை. அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

முதல் காலை, கவனிக்கிறதோட சரி. ஹீட்டர் பிளக் போயிருந்தா செல்ஃப் ரொம்ப நேரம் இழுக்கும், ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை வரும், வண்டி உதறும். இது எதுவும் இல்லை. இன்ஜெக்டர் அடியில இருக்குற செம்பு வாஷர் கசிஞ்சா 'சுஃப் சுஃப்'னு மூச்சு விடுற மாதிரி சத்தம் வரும், சுத்தி தார் மாதிரி கருப்பா படிஞ்சிருக்கும். டார்ச் அடிச்சுப் பாத்தேன், சுத்தமா இருந்துது. கிளட்சை மிதிச்சா நின்னு, விட்டா வர்ற சத்தம்னா ஃப்ளைவீல் பக்கம். அப்பா எப்பவும் கிளட்சை மிதிச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணுவார், அப்பவே சத்தம் வருது. அதனால அதையும் ஓரமா வச்சேன்.

ரெண்டாவது காலை பேன் பெல்ட்டைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணேன். ஆல்டர்னேட்டர் புல்லி, ஏசி கம்ப்ரஸர் எல்லாம் அந்த பெல்ட்லதான் சுத்துது. அதுல ஏதாவது கிலுகிலுத்தா இப்ப வரக்கூடாது. வந்துச்சு. அஞ்சு செகண்ட்ல அணைச்சிட்டேன். நீங்களும் செஞ்சு பாத்தா உடனே அணைச்சிடுங்க, தண்ணி பம்பும் அதுலதான் ஓடுது. அப்புறம் பெல்ட்டைத் திரும்ப மாட்ட முக்கால் மணி நேரம், ரெண்டு விரல்ல சிராய்ப்பு. அதுக்குள்ள ஆபீஸ் மீட்டிங் ஆரம்பிச்சு, நான் கிரீஸ் கையோட "யெஸ், யெஸ்"ன்னுட்டு இருந்தேன்.

மூணாவது காலைதான் உருப்படியான யோசனை வந்துது. போனை ஸ்டியரிங் முன்னாடி நிறுத்தி, டேஷ்போர்டு தெரியற மாதிரி வீடியோ எடுத்தேன். அதுல செகண்டுக்கு 30 படம். ஒவ்வொரு படமா நகர்த்திப் பாத்தா, இன்ஜின் பிடிச்சதுல இருந்து 97-வது படத்துல சத்தம் நிக்குது. 101-வது படத்துல சிவப்பு ஆயில் லைட் அணையுது. ஆக, ஆயில் பிரஷர் ஏறும் வரைக்கும்தான் சத்தம்!

இந்த மாதிரி இன்ஜின்ல டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யும். ஆயில் வந்து தள்ளுற வரைக்கும் செயின் கொஞ்சம் தொளதொளன்னு இருந்து பக்கத்துல இருக்குற கட்டையில உரசும். பட்டறைக்காரர் சொன்ன இடம் சரிதான், சத்தம் போடுறது செயின்தான். ஆனா செயின் மேல தப்பா, ஆயில் லேட்டா வர்றது மேல தப்பா? நல்ல வண்டியில அந்த லைட் ஒரு செகண்ட்ல அணையணும். இதுல மூணுக்கு மேல ஆகுது.

ஏன் லேட்டு? ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, குளிர்ல ஆயில் கெட்டியாகி மெதுவா ஏறுது. ஆயில் டப்பாவுல 5W-30, 15W-40ன்னு போட்டிருக்குமே, W-க்கு முன்னாடி இருக்குற நம்பர்தான் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்றது. சின்ன நம்பர்னா சீக்கிரம் ஓடும். இன்னொண்ணு, ராத்திரி பூரா நிக்கும்போது மேல இருந்த ஆயில் எல்லாம் கீழ வடிஞ்சிடுது, காலைல பம்ப் முதல்ல இருந்து நிரப்ப வேண்டியிருக்கு. குளிர்றதும் நிக்கிறதும் ஒரே ராத்திரியில நடக்குற சமாசாரம். எப்படிப் பிரிக்கறது? குன்னூர்ல டிசம்பர் மாசம் குளிராத ராத்திரிக்கு எங்க போக?

கீழ போகணும். அதுக்கும் ஒரு வழி பிறந்துச்சு. மேட்டுப்பாளையத்துல அத்தை பேத்திக்குக் காதுகுத்து. மொத நாள் சாயங்காலமே போயி, ராத்திரி வண்டி அங்கேயே நிக்கும். அங்க காலைல ஸ்வெட்டர் தேவைப்படாது. அங்கயும் சத்தம் வந்தா குளிர் காரணமில்லை.

அந்த இறக்கத்துலதான் அது நடந்துது. பர்லியார் தாண்டி ஒரு வளைவு. அப்பா ஓட்டறார். பின்னாடி ஒரு பைக்காரர் விடாம ஹாரன் அடிக்கிறார். 'கீய்ங் கீய்ங்'னு அந்தச் சின்ன ஹாரன். அப்பா கண்டுக்கவே இல்லை, நடுரோட்டுக்கு வண்டியை ஏத்தறார். பைக் முன் டயர் எங்க பின் கதவுக்கு ஒரு முழம். நான் கத்தினதும் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சார். பைக்காரர் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே தாண்டிப் போனார். "ஹாரன் அடிக்காம வந்தா எப்பிடி?"ன்னு அப்பா அவர் முதுகைப் பாத்துத் திட்டினார்.

ஹாரன் அடிக்காமலா?

நான் ஒண்ணும் பேசலை. அடுத்த வளைவுல கீழ இருந்து ஏறி வந்த பஸ்ஸோட ஏர் ஹாரன் அப்பாவுக்கு என்னை விட முன்னாடி கேட்டுச்சு, ஒதுங்கி நிறுத்தி வழி விட்டார். எனக்குக் குழப்பமா இருந்துச்சு. அம்மா பத்து வருஷமா சொல்ற டயலாக் வேற ஞாபகத்துக்கு வந்துச்சு. "ஏனுங்க, கூப்பிட்டா திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு விரதமுங்களா?" நாங்க எல்லாரும் அதை சுபாவம்னு நினைச்சிருந்தோம். டிரைவர் திமிர்னு.

மறுநாள் காலைல அத்தை வீட்டு வாசல்ல ஸ்டார்ட் பண்ணேன். வேர்வை வராத குறை. அப்படியும் "கிர்ர்ர்ர்". மூணு செகண்டுக்கு ஒரு பொட்டு கூட குறையலை. குளிர் ஆட்டத்துல இருந்து அவுட். ஆனா அந்த நேரத்துல நான் இன்ஜினைக் கவனிக்கலை. பக்கத்துல நின்ன அப்பாவோட முகத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒரு சலனமும் இல்லை. அத்தை வீட்டுக் குட்டிப் பொண்ணு கூட காதைப் பொத்திக்கிச்சு.

வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங்கை லேப்டாப்ல போட்டு, எந்த சத்தம் எந்த அலைவரிசையில இருக்குன்னு படம் போட்டுப் பாத்தேன். டகடக எல்லாம் கீழ, ஆயிரத்துக்கும் கம்மியா. நம்ம கிர்ர்ர் மட்டும் தனியா மேல, மூவாயிரத்துல இருந்து ஆறாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு பட்டையா. அப்புறம் நெட்ல வேற எதையோ தேடினேன். வருஷக்கணக்கா இரைச்சல்ல வேலை பாக்கறவங்களுக்குக் காது முதல்ல போறது எந்த இடத்துலன்னு. மூவாயிரத்துல இருந்து ஆறாயிரம். குறிப்பா நாலாயிரம். ஏர் ஹாரன் கேக்கும். பைக் ஹாரன் கேக்காது. பேச்சு சத்தம் கேக்கும், ஆனா ச, ஸ, ஃப மாதிரி எழுத்துகள் நழுவிப் போகும்.

ராத்திரி சாப்பிட்டதும் அப்பாவை உக்கார வச்சு, ரெக்கார்டிங்கை முழு சத்தத்துல போட்டேன். "இன்ஜின் நல்லாத்தானே ஓடுது?"ன்னார். சமையல் ரூம்ல இருந்து அம்மா, "என்ன கண்ணு அது, தகரத்தைச் சொறியிற மாதிரி?"ன்னாங்க. அப்பா அம்மாவைப் பாத்தார். என்னைப் பாத்தார்.

நான் ஒண்ணும் விளக்கலை. அதே ஆடியோவை வேகத்தைக் குறைச்சு, கால் வேகத்துல போட்டேன். கால் வேகம்னா நாலாயிரம் ஆயிரமா இறங்கிடும். மூணு செகண்ட் பன்னெண்டு செகண்டா நீளும். "கட.. கட.. கட.. கட.."ன்னு ஸ்பீக்கர் அதிருது.

அப்பா நிமிர்ந்து உக்காந்தார். "இன்னொருக்கா போடு." போட்டேன். "இன்னொருக்கா." அஞ்சாறு தடவை கேட்டிருப்பார், கண்ணை மூடிக்கிட்டு. நான் அவரை அப்படிப் பாத்ததே இல்லை. கண்டக்டர் மாமா சொன்ன ஆளு இவர்தான்னு தோணுச்சு.

"இது சங்கிலி கண்ணு. எண்ணெய் ஏறலை. ஏறினதும் புடிச்சுக்குது. பில்டர்ல எண்ணெய் நிக்காம எறங்கிப் போயிடுது. போன தடவ ஆயில் மாத்தறப்ப அவன் என்ன பில்டரு போட்டானோ!"

ரெண்டு நிமிஷம் கழிச்சு, "தெனமும் இப்பிடியா அடிக்குது?"

"ஆமாங்கப்பா."

"நீ வந்த அன்னிக்குக் கேட்டது இதைத்தானா?"

"ஆமாங்க."

எந்திரிச்சுப் போய் வாசல்ல நின்னார். நானும் போகலை, அம்மாவும் போகலை.

பில்டர் விஷயத்தை முடிச்சிடறேன். ஆயில் பில்டருக்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இன்ஜின் நின்னதும் அது மூடிக்கிட்டு, பில்டருக்குள்ள இருக்குற ஆயில் திரும்பி வடியாம தடுக்கும். எங்க வண்டியில பில்டர் படுக்கைவாட்டுல இருக்கறதால அந்த ரப்பர் இல்லைன்னா ஒரே ராத்திரியில காலி. பழைய பில்டரைக் கழட்டி ஆக்சா பிளேடால அறுத்துப் பாத்தோம் (தேவையில்லாத வேலைதான், ஆனா பாக்காம தூக்கம் வராது). ரப்பர் அப்பளம் மாதிரி விறைச்சுப் போயி ஒரு ஓரத்துல தூக்கிட்டு நின்னுது. நல்ல பில்டரும், புத்தகத்துல போட்டிருக்குற 5W-30 ஆயிலும் வாங்கி நாங்களே மாத்தினோம். மறுநாள் காலை 34-வது படத்துல லைட் அணைஞ்சுது. சத்தம் அரை செகண்ட், அதுவும் காதைத் தீட்டி வச்சாத்தான். செயின் புத்தம் புதுசா இருக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இத்தனை மாசம் எண்ணெய் இல்லாம உரசினதுல கொஞ்சம் தேய்ஞ்சிருக்கும். அடுத்த சர்வீஸ்ல டென்ஷனரைப் பாக்கச் சொல்லணும். ஆனா நாப்பத்தஞ்சாயிரம் இல்லை.

லைட் அணைஞ்சதும் அப்பா என்னைப் பாத்து, "நின்னுருச்சா?"ன்னு கேட்டார். தலையாட்டினேன்.

கோயமுத்தூருக்கு அவரைக் கூட்டிட்டுப் போனதுதான் இதை விடப் பெரிய ரிப்பேர். ரெண்டு தடவை வரேன்னுட்டு வரலை. மூணாவது தடவை அம்மாவும் கூட வந்தாங்க. கண்ணாடி ரூம்ல ஹெட்ஃபோன் மாட்டி உக்கார வச்சு, பீப் கேட்டா கையைத் தூக்குங்கன்னாங்க. வெளிய இருந்து பாத்துட்டு இருந்தேன். அப்பா ரொம்ப நேரம் கையைத் தூக்காம, யாரோ கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கற பையன் மாதிரி உக்காந்திருந்தார். ரிசல்ட் ஒரு கிராஃப். ஆயிரம் வரைக்கும் பரவாயில்லை. அப்புறம் சரசரன்னு இறங்கி நாலாயிரத்துல அடிமட்டம், எட்டாயிரத்துல மறுபடி கொஞ்சம் ஏறுது. அப்பா பாத்துட்டு, "இதென்ன டாக்டர், கொண்டை ஊசி வளைவாட்டம் இருக்குது?"ன்னார். டாக்டர் சிரிச்சார். காதுக்குள்ள இருக்குற அந்த செல்லுங்க செத்தா திரும்ப முளைக்காதுன்னும் சொன்னார். அம்மா சிரிக்கலை. வர்ற வழியெல்லாம் பேசவே இல்லை. மேட்டுப்பாளையம் வந்ததும், "வேணும்னே திரும்பாம இருக்கீங்கன்னு நெனச்சுட்டனுங்க"ன்னாங்க, ஒரே ஒரு தடவை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். வண்டியை நான் ஓட்டிட்டு இருந்தேன்.

இப்ப ரெண்டு காதுலயும் மிஷின். முதல் வாரம் டப்பாவுலயே கிடந்துச்சாம். அப்புறம் டிவி பாக்க மட்டும். போன ஞாயித்துக்கிழமைதான் அதைப் போட்டுக்கிட்டு வண்டி எடுத்திருக்கார். அரை மணி நேரத்துல எனக்கு போன்.

"டேய், இந்த வண்டி என்னடா இப்பிடிக் கத்துது! கதவு ஒரு சத்தம், வைப்பர் ஒரு சத்தம், மூணாவது கியர் போட்டா 'ஸ்ஸ்ஸ்'னு ஒண்ணு. எல்லாம் புதுசா வருதா?"

"வாங்கினப்ப இருந்தே இருக்குதுங்கப்பா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு இல்லை. இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிக்கிறது மட்டும் கேட்டுச்சு.

"அடுத்த வாரம் வருவியா? அந்த மூணாவது கியரைப் பாக்கணும்."